ரசகுல்லா தந்த தண்ணீர்

ரசகுல்லா சாப்பிட்டிருக்கிறீர்களா? 1868ஆம் ஆண்டில் கொல்கத்தா பாக்பஜாரில் நவீன் சந்திர தாஸ் பஞ்சு போன்ற ரசகுல்லாவைச் செய்தார் என்பார்கள்.

காய்ச்சிய பாலில் புளிப்பு சேர்த்தால் பால் திரியும். திரண்ட கட்டியில் ரசகுல்லா செய்வார்கள். மீதி தெளிந்த நீர். அதைக் கொட்டிவிடலாமா?

கூடாது. அதில் புரதம், சர்க்கரை, உப்பு இருக்கின்றன. நிறையக் கொட்டினால் குளத்தில் பிராணவாயு குறையும். மீன்கள் சாகும்.

பெரிய ஆலைகளில் இந்த நீரை வீணாக்குவதில்லை. முதலில் உப்பைப் பிரிக்கிறார்கள். எப்படி?

நீரில் கரைந்த உப்பு இருவகைத் துகள்களாக இருக்கும். ஒன்றில் நேர் மின்சாரம். மற்றதில் எதிர் மின்சாரம். நீருக்குள் மெல்லிய சவ்வுகளை வரிசையாக நிறுத்தி மின்சாரம் செலுத்துவார்கள். இருவகைத் துகள்களும் எதிரெதிர்ப் பக்கம் ஓடும். சவ்வு வழியே வெளியேறும். புரதம் பெரியது. அது சவ்வில் நுழையாது, தங்கிவிடும்.

பிறகு நீரை உலர்த்திப் பொடியாக்குவார்கள். அதைக் குழந்தை உணவில் சேர்ப்பார்கள். பச்சைக் குழந்தையின் சிறுநீரகம் அதிக உப்பைத் தாங்காது. அதனால்தான் இத்தனை வேலை. ஆனாலும் முதல் ஆறு மாதம் குழந்தைக்குத் தாய்ப்பாலே போதும்.

வீட்டில் நல்ல பாலைத் திரித்தால், அந்த நீரில் சப்பாத்தி மாவு பிசையலாம். குழம்பிலும் ஊற்றலாம்.

யோசியுங்கள்: சோறு வடித்த கஞ்சியை உங்கள் வீட்டில் என்ன செய்கிறீர்கள்?