இரத்தத்தில் தெரியும் எலும்பின் வரவு செலவு

பூசை முடிந்து பிரசாதம் வாங்கும் வேளையில் தாய்மார் பலர் சொல்லக் கேட்கும் செய்தி ஒன்று உண்டு. "இரத்தம் சோதிச்சவை, கல்சியம் சரியாம், எலும்புக்கு ஒண்டும் இல்லையாம்." இதில் முதற்பகுதி உண்மையாக இருக்கலாம். அதிலிருந்து இரண்டாவது பகுதிக்குத் தாவுவதுதான் ஆபத்து. நான் வைத்தியன் அல்லன், கணக்காளன். ஆயினும் என் தாயாரை இங்கிலாந்தின் வைத்தியசாலைகளுக்கு அழைத்துச் சென்று வந்த காலத்தில் இவ்விடயத்தை ஊன்றிப் படிக்க வேண்டியதாயிற்று. எனக்குத் தெரிந்த கணக்கு மொழியிலேயே விளக்க முயல்கிறேன்.

உடலிலுள்ள கல்சியத்தில் 99 வீதம் எலும்பிலும் பல்லிலும் இருக்கிறது. அது நிலையான வைப்பு. இரத்தத்தில் ஓடும் சிறுபகுதி நடைமுறைக் கணக்கு. இதயமும் தசையும் நரம்பும் ஒழுங்காக இயங்க வேண்டுமானால் நடைமுறைக் கணக்கின் மீதி ஏறக்குறைய மாறாமல் இருக்க வேண்டும். அது சற்றுக் குறைந்தாலும் கழுத்திலுள்ள பராதைரொயிட் சுரப்பிகள் ஒரு ஹோர்மோனைச் சுரந்து, வைப்பிலிருந்து எடுத்து நிரப்பிவிடும். ஆகவே வைப்பு கரைந்துகொண்டிருக்கும்போதும் இரத்தக் கல்சியம் சரியாகவே காட்டும்.

நம்மவர்களுக்கு முதலில் பார்க்கவேண்டியது விற்றமின் டி. ஒக்ரோபரிலிருந்து மார்ச் தொடக்கம் வரை இங்குள்ள வெயில் தோலில் விற்றமின் டி உண்டாக்கப் போதாது. கறுத்த தோலுக்குக் கோடையிலும் கூடுதல் நேர வெயில் தேவை. இந்நாட்டு ஆலோசனை நாளொன்றுக்கு 10 மைக்ரோகிராம். தென்னாசிய வழிவந்தோர் அதை ஆண்டு முழுவதும் எடுப்பது பற்றி யோசிக்கும்படி சொல்லப்படுகிறது. கடுமையாகக் குறைந்தால் எலும்பு மென்மையாகும். இடுப்பு நோகும், தொடைத் தசை சோரும், படியேறக் கைப்பிடி தேவைப்படும். "வயசு போகுதுதானே" என்று இதை ஒதுக்கிவிடுகிறோம். விற்றமின் டி அளவோடு பொஸ்பேற், அல்கலைன் பொஸ்பற்றேஸ், பராதைரொயிட் ஹோர்மோன் ஆகியவற்றையும் சேர்த்துப் பார்த்தால் இது பெரும்பாலும் பிடிபடும். பொஸ்பேற் குறைந்தும் மற்ற இரண்டும் உயர்ந்தும் இருக்கக்கூடும். எலும்புத் தேய்வு என்று நாம் சொல்லும் ஒஸ்ரியோபொரோசிஸ் வேறு நோய். அதில் இந்த எண்கள் வழக்கமாகச் சரியாகவே இருக்கும். மருந்தும் வேறு. இரண்டும் ஒருவருக்கே இருப்பதும் உண்டு.

இனி வரவு செலவுக்கு வருவோம். எலும்பு கட்டிமுடித்த சுவரன்று. ஒருவகைக் கலங்கள் பழையதை அரிக்க, இன்னொரு வகை புதியதைக் கட்டும். வளர்ந்தவரின் எலும்பில் ஏறத்தாழ 10 வீதம் ஆண்டுதோறும் புதுப்பிக்கப்படுகிறது. மாதவிடாய் நின்றபின் அரிப்பு கட்டுதலை முந்திவிடும். டெக்ஸா ஸ்கான் காட்டுவது ஐந்தொகையை, அதாவது இன்று எவ்வளவு எலும்பு மிஞ்சியிருக்கிறது என்பதை. இருப்பு எந்த வேகத்தில் மாறுகிறது என்பதை அது ஒருமுறையிற் சொல்லாது. மாற்றம் தெளிவாகத் தெரிய ஓரிரு வருடமாகும். அரிப்பின் கழிவு இரத்தத்தில் கலப்பதை அளப்பது சீ.ரி.எக்ஸ். கட்டுதலின் அடையாளத்தை அளப்பது பீ.ஒன்.என்.பீ. முடிவெடுக்க உதவும் இவ்விரு சோதனைகளும் எல்லா இடங்களிலும் வழமையாகச் செய்யப்படுவதில்லை. ஆகவே கேட்டுப் பார்ப்பதில் தவறில்லை.

நோயைக் கண்டுபிடிப்பதற்கல்ல, மருந்து வேலை செய்கிறதா என்று பார்க்கவே இவை பெரிதும் பயன்படும். அலென்ட்ரோனேற் போன்ற குளிசை தொடங்கு முன் ஒருமுறை, மூன்று மாதத்தின் பின் ஒருமுறை எடுப்பார்கள். சீ.ரி.எக்ஸ் 56 வீதத்துக்கு மேலோ, பீ.ஒன்.என்.பீ 38 வீதத்துக்கு மேலோ இறங்கினால் குளிசை ஒழுங்காக உட்சென்று வேலை செய்கிறது எனக் கொள்ளலாம் என்று 2017இல் சர்வதேச ஒஸ்ரியோபொரோசிஸ் மன்றமும் ஐரோப்பிய சங்கமொன்றும் ஆலோசனை கூறின. இறங்காவிட்டால் முதலில் கேட்கவேண்டிய கேள்வி, குளிசையை எதனுடன் விழுங்கினீர்கள் என்பது. பால் தேநீரோடு விழுங்கினால் ஏறக்குறைய வீண். எழும்பியதும் வெறும் வயிற்றில், ஒரு கிளாஸ் பச்சைத் தண்ணீரோடு விழுங்கி, அரை மணி நேரமாவது படுக்காமலும் எதுவும் உண்ணாமலும் இருக்க வேண்டும். கந்தசஷ்டிக்கு ஆறு நாள் விரதமிருப்பவர்களுக்கு இந்த அரை மணி நேரம் பெரிதா என்ன!

சீ.ரி.எக்ஸ் விடியற்காலையில் உயர்ந்து, சாப்பிட்டதும் இறங்கும். ஆதலால் இரவு சாப்பாட்டுக்குப் பின் தண்ணீர் மட்டும் குடித்து, காலை பத்து மணிக்கு முன் இரத்தம் கொடுக்க வேண்டும். இரண்டாம் முறையும் அதே நேரத்தில். அண்மையில் எலும்பு முறிந்திருந்தால் எண்கள் மாதக்கணக்கில் உயர்ந்தே நிற்கும். சிறுநீரகக் குறைபாடு இருந்தாலும் சீ.ரி.எக்ஸ் உயரும். தலைமயிருக்கென்று எடுக்கும் பயோட்டின் மாத்திரை சில ஆய்வுகூட முறைகளைக் குழப்பிவிடும் என்பதால் அதையும் முன்கூட்டியே சொல்லுங்கள்.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை டெனோசுமாப் ஊசி போடுபவர்கள் ஒன்றை மிகக் கவனமாகப் பார்க்க வேண்டும். ஊசி நின்றால் அடக்கிவைத்த அரிப்பு முன்னிருந்ததைவிட வேகமாகத் திரும்பும், சீ.ரி.எக்ஸ் துள்ளி ஏறும். சிலருக்கு முதுகெலும்புகள் ஒன்றுக்கு மேற்பட்டவை நொறுங்கியிருக்கின்றன. "நோ இல்லை, பிறகு போடுவம்" என்று தாமதிக்க இடமில்லை. நிறுத்துவதானால் வேறு மருந்துக்கு மாறும் திட்டத்துடன் வைத்தியரே நிறுத்த வேண்டும். ஊரில் சில மாதம் நின்றுவரப் புறப்படும் அம்மாமார் அடுத்த ஊசித் திகதியைப் பார்த்தபின் விமானச் சீட்டைப் பதிவுசெய்யுங்கள்.