வளர்ப்புக் கிளியின் நடத்தையில் தோன்றும் திடீர் மாறுதல்கள்

நேற்றுவரை கையில் அமர்ந்து தினை கொத்தித் தின்ற கிளி, இன்று கையைக் கண்டதும் கடிக்கிறது. அல்லது குரல் ஒடுங்கி மூலையில் ஒதுங்கி நிற்கிறது. வளர்ப்போர் இதனைப் பிடிவாதம் எனக் கருதிக் கண்டிக்க முற்படுகின்றனர். இது பெருந்தவறு. நடத்தை மாறுவதற்குக் காரணம் ஒன்று உண்டு. அதனை ஆராய்ந்தறிவதே நம் கடமையாகும்.

நம் பச்சைக்கிளி 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தால் காக்கப்படுவது; அதனைப் பிடிப்பதும் கூண்டில் வைத்திருப்பதும் குற்றமாகும். ஆதலின், மக்கள் 'லவ் பேர்ட்ஸ்' எனத் தவறாக வழங்கும் பட்ஜெரிகர் என்னும் ஆஸ்திரேலியச் சிறுகிளியை இப்பாடத்திற்கு எடுத்துக்கொள்வோம்.

இயற்கையில் நோயுற்ற பறவை எளிதில் இரையாகிவிடும். அதனால் கிளி தன் நலிவை இயன்றவரை மறைத்துக்கொள்கிறது. நலிவு நம் கண்ணுக்குப் புலனாகும்போது நோய் முற்றியிருக்கக்கூடும். பகலிலும் இறகுகளைச் சிலிர்த்து உறங்குதல், மூச்சுவிடுந்தோறும் வால் ஏறி இறங்குதல், கூண்டின் தரையில் அமர்ந்திருத்தல், எச்சத்தின் நிறமும் அளவும் மாறுதல் ஆகியவை அபாய அறிகுறிகள். இப்பறவையின் எடை சுமார் 30 முதல் 40 கிராமே. எனவே 3 அல்லது 4 கிராம் குறைந்தாலும் அது உடலில் பத்தில் ஒரு பங்கு குறைந்ததாகும். வாரந்தோறும் நிறுத்து எழுதிவைத்தல் நன்று.

எல்லா மாறுதலும் நோயன்று. இறகு உதிர்ந்து முளைக்கும் காலத்தில் புதிய குருத்திறகுகள் தொட்டால் வலிக்கும். அப்போது கிளி தீண்டலை வெறுக்கும். இனப்பெருக்கப் பருவத்தில் பெண்கிளியின் மூக்கடித் தோல் பழுப்பாகித் தடிக்கும். இருண்ட மூலையைக் காவல் காத்துக் கடிக்கும். விளக்கொளி நேரத்தைக் குறைத்து, கூடுகட்ட ஏற்ற பெட்டியை அகற்றினால் பெரும்பாலும் தணியும். கூண்டை இடம் மாற்றுதல், துணைப்பறவையின் இழப்பு, பூனையின் நடமாட்டம் ஆகியவையும் அச்சத்தை விளைவிக்கும்.

சமையலறையையும் கவனிக்க வேண்டும். ஒட்டாப் பூச்சுப் பாத்திரம் அளவுமீறிச் சூடானால் எழும் ஆவி, மனிதரைப் பெரிதும் வருத்தாவிடினும், கிளியைச் சில நிமிடங்களில் கொல்லக்கூடும். பறவைகளின் நுரையீரல் காற்றிலுள்ள நஞ்சை மிக விரைந்து உட்கொள்வதே இதற்குக் காரணம். தானியத்தை மட்டுமே உண்ணும் கிளிக்கு வைட்டமின் 'ஏ' குறைபாடு ஏற்பட்டு, சுவாச நோய்கள் எளிதில் பற்றும். முருங்கைக்கீரை, காரட் முதலியவற்றைச் சேர்த்தளித்தல் வேண்டும்.

ஒன்றை மறத்தலாகாது. கிளிக்காய்ச்சல் என்னும் சிட்டகோசிஸ், உலர்ந்த எச்சத்தின் தூசி வழியே மனிதருக்கும் பரவும். 1929–30-இல் இது பல நாடுகளில் பரவி உயிர்களைப் பலிகொண்டது. ஆதலின் கூண்டை நீர் தெளித்து ஈரமாக்கிய பின்னரே, மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டு துப்புரவு செய்க. வீட்டில் எவருக்கேனும் காய்ச்சலும் வறட்டு இருமலும் கண்டால், கிளி வளர்ப்பதை மருத்துவரிடம் கூறுக.

அபாய அறிகுறி கண்டவுடன் கிளியைத் தனியே கதகதப்பான, அமைதியான இடத்தில் வைத்து, ஆகாரமும் நீரும் அருகில் அமைத்து, அன்றே கால்நடை மருத்துவரிடம் கொண்டுசெல்ல வேண்டும். மனிதருக்குரிய மருந்தைத் தாமாக அளித்தல் கூடாது. ஆசிரியர்கள் மாணவரைக் கொண்டு எடை, உணவு, எச்சம், உறக்கம் ஆகிய நான்கையும் நாட்குறிப்பில் பதியச் செய்வாராயின், வாய் பேசாத உயிரின் துன்பத்தை உரிய காலத்தில் அறியும் பழக்கம் அவர்களிடம் வேரூன்றும்.