இறக்கையில் ஒட்டும் பனிக்கட்டி

சித்திரை மாதம். குடிபாலாவில் தரை கொதிக்கிறது. தலைக்கு மேலே ஒரு விமானம் போகிறது. இந்த வெயிலில் அதன் இறக்கையில் பனிக்கட்டி பிடிக்கலாம் என்றால் நம்புவீர்களா?

கோடையில் ஆலங்கட்டி மழை பெய்து, மாம்பிஞ்சுகள் உதிர்வதைப் பார்த்திருப்பீர்கள். அந்தக் கட்டி மேலே இருந்துதானே வந்தது? மேலே போகப் போகக் குளிர் கூடும். ஒரு கிலோமீட்டர் ஏறினால் சுமார் 6 டிகிரி வெப்பம் குறையும். நம் பகுதியில் ஏறத்தாழ 5 கிலோமீட்டர் உயரத்தில், தண்ணீர் உறையும் குளிர் வந்துவிடும். பெரிய விமானங்கள் 10 கிலோமீட்டர் உயரத்தில் பறக்கின்றன.

மேகத்தில் நுண்ணிய நீர்த்துளிகள் உள்ளன. இதில் ஒரு விந்தை உண்டு. பூஜ்யம் டிகிரிக்குக் கீழே போனாலும் பல துளிகள் உறையாமல் தண்ணீராகவே மிதக்கும். எதன் மீதாவது மோதினால் உடனே உறையும். விமானம் அந்த மேகத்தில் நுழைந்தால், இறக்கையின் முன் விளிம்பில் பனிக்கட்டி ஒட்டிக்கொள்ளும்.

ஒட்டினால் என்ன? பாரம் கூடும். ஆனால் பாரம் சிறிய தொல்லைதான். இறக்கை வழவழப்பாக, வளைவாக இருக்கும். அதன் மேல் காற்று சீராக ஓடினால்தான் விமானம் மேலே நிற்கும். உப்புத்தாள் போலச் சொரசொரப்பு வந்தாலே போதும். காற்று சிதறும். தூக்கும் சக்தி குறையும்.

இதைத் தடுக்க வழி உண்டு. ரேணிகுண்டாவில் உள்ள திருப்பதி விமான நிலையத்துக்கு ஏ.டி.ஆர். 72 என்ற விமானங்கள் வந்து போகின்றன. இவற்றுக்கு வெளியே தெரியும் விசிறிகள் உண்டு. இறக்கையின் முன் விளிம்பைப் பாருங்கள். கறுப்புப் பட்டை தெரியும். அது ரப்பர். இஞ்சினிலிருந்து வரும் காற்று அதற்குள் போகும். சைக்கிள் ட்யூப் போல உப்பும், பிறகு சுருங்கும். மேலே படிந்த கட்டி நொறுங்கும். எதிர்க்காற்று அதை அடித்துக்கொண்டு போய்விடும். விசிறியையும் முன் கண்ணாடியையும் மின்சாரம் சூடாக்கும்.

பெரிய ஜெட் விமானங்களில் வேறு முறை. இஞ்சினுக்குள் அழுத்தப்பட்ட காற்று மிகவும் சூடாக இருக்கும். அதில் கொஞ்சத்தைக் குழாய் வழியே முன் விளிம்புக்குள் விடுகிறார்கள். போயிங் 787 விமானத்தில் மின்சாரமே சூடாக்குகிறது, இஸ்திரிப் பெட்டியைப் போல.

இறக்கை முழுவதையும் ஏன் காப்பதில்லை? துளிகள் பெரும்பாலும் முன் விளிம்பில்தான் மோதுகின்றன. முழுவதையும் சூடாக்கினால் இஞ்சினின் சக்தி வீணாகும். ஆனால் ஒருமுறை இந்தக் கணக்கு தவறியது.

1994 அக்டோபர் 31. அமெரிக்காவில் ஓர் ஏ.டி.ஆர். 72 சிகாகோவுக்குப் போய்க்கொண்டிருந்தது. இறங்க அனுமதி கிடைக்கும் வரை, ரோஸ்லான் என்ற ஊருக்கு அருகே வானத்தில் சுற்றிக்கொண்டிருந்தது. அங்கே துளிகள் வழக்கத்தைவிடப் பெரியவை. அவை ரப்பர் பட்டைக்குப் பின்னாலும் உறைந்தன. பட்டை உப்பியும் பயனில்லை. வயல் வரப்பு போல ஒரு கட்டி வளர்ந்தது. விமானம் திடீரென்று புரண்டு, சோயா வயலில் விழுந்தது. அதில் இருந்த 68 பேரும் இறந்தார்கள்.

அதன் பிறகு ரப்பர் பட்டையை அகலமாக்கினார்கள். விமானிகளுக்கு ஓர் அடையாளமும் சொல்லிக்கொடுத்தார்கள். விமானியின் பக்கத்து ஜன்னலில் சூடாக்கப்படாத பகுதி ஒன்று உண்டு. அதைப் பனி மூடினால் ஆபத்து மிகுந்த மேகம் என்று அர்த்தம். உடனே அங்கிருந்து வெளியேற வேண்டும்.