பயிற்சி மருத்துவர் தையல் போடலாமா?

வெட்டுக்காயத்துடன் பிள்ளையை அழைத்து வரும் பெற்றோர் எங்களிடம் அடிக்கடி கேட்கும் வினா இது. உரிய பயிற்சியும் மேற்பார்வையும் இருப்பின், போடலாம் என்பதே விடை.

இந்தியாவில் குடும்ப மருத்துவம் எம்.பி.பி.எஸ். முடித்தோர் பயிலும் 3 ஆண்டு மேற்படிப்பாகும். காயத்திற்குத் தையலிடுதல், சீழ்க்கட்டியைக் கீறிச் சுத்தம் செய்தல், சிறுநீர்க்குழாய் பொருத்துதல் முதலியவற்றை அம்மருத்துவர் தம் கையாலேயே செய்யப் பழக வேண்டும். பெரிய மருத்துவமனை தொலைவில் உள்ள ஊர்களில் நோயாளியின் அலைச்சலைக் குறைப்பது இத்திறனே.

இதைக் கற்பிக்க, பெய்டன் என்னும் அறுவை மருத்துவர் 1998-இல் விளக்கிய நான்கு படி முறை பல இடங்களில் பயன்படுகிறது. முதலில் ஆசிரியர் பேசாமல் இயல்பான வேகத்தில் செய்து காட்டுவார். அடுத்து, விளக்கம் கூறியபடி செய்வார். மூன்றாவதாக, மாணவர் சொல்லச் சொல்ல ஆசிரியர் செய்வார். இறுதியில் மாணவரே சொல்லியபடி செய்வார். மூன்றாம் படியில் மாணவரின் புரிதலில் உள்ள பிழை, அவர் கையில் ஊசி ஏறுமுன்பே வெளிப்பட்டுவிடும். செயற்கைத் தோலில் இவ்வாறு பழகிய பின்னரே, மூத்த மருத்துவர் அருகிருக்க, அவர் நோயாளிக்குத் தையலிடுவார்.

தையலுக்கு முந்தைய சோதனையும் இப்பயிற்சியில் அடங்கும். விரலில் காயமெனில், மரத்துப்போகும் ஊசி போடுமுன் விரல் மடங்கி நீள்கிறதா, நுனியில் தொடுவுணர்வு உள்ளதா என்று பார்க்க வேண்டும். மரத்தபின் உணர்வைச் சோதிக்க இயலாது. நரம்போ தசைநாணோ அறுபட்டிருந்தால், அறுவை வல்லுநரிடம் அனுப்ப வேண்டும். எங்கே நிறுத்துவது என்று அறிவதும் கைத்திறனே.

நீங்கள் கேட்கக்கூடியவை:
• இதை முன்பு செய்திருக்கிறீர்களா?
• மேற்பார்வையிடுபவர் யார்?
• மூத்த மருத்துவரே செய்ய இயலுமா?

இவ்வாறு கேட்பது உங்கள் உரிமை. எவரும் தவறாகக் கொள்ளலாகாது.

நீங்கள் சொல்ல வேண்டியவை:
• இரத்தம் உறையாமலிருக்க உட்கொள்ளும் மருந்து
• சர்க்கரை நோய்
• மருந்து ஒவ்வாமை
• கடைசியாக டெட்டனஸ் தடுப்பூசி போட்ட காலம்

பொதுவாக முகத்தில் போட்ட தையலை 3 முதல் 5 நாட்களிலும், தலையில் 7 முதல் 10 நாட்களிலும், கை கால்களில் 10 முதல் 14 நாட்களிலும் பிரிப்பர். அதற்குமுன் சிவப்பு பரவுதல், சீழ், காய்ச்சல், கூடிவரும் வலி ஆகியவற்றுள் ஒன்று தோன்றினாலும், குறித்த நாள்வரை காத்திராமல் உடனே வருக.