மலையூரில் இளைஞர் சங்கம் தொடங்குகிறீர்களா?

கொடைக்கானல் மலையின் பூம்பாறையோ மன்னவனூரோ, பெயர்ப்பலகை எழுதும் முன் கொள்கையை எழுதுங்கள். யாரிடம் நன்கொடை வாங்க மாட்டோம், தேர்தலில் எந்தக் கட்சிக்கும் சங்கத்தின் பெயரைத் தர மாட்டோம், பொறுப்புகளில் பெண்களுக்குப் பாதி இடம் என்று நோட்டில் எழுதி எல்லோரும் கையெழுத்திடுங்கள். வாய்ப்பேச்சாக விட்டால் முதல் சண்டையிலேயே காணாமல் போகும்.

வேலைத்திட்டம் மலையின் காலத்தோடு ஒத்துப்போக வேண்டும். ஏப்ரல், மே சீசனில் டாக்சி, விடுதி, கடை என்று பாதிப் பேர் பிழைப்பில் இருப்பார்கள். அவர்களைக் குறை சொல்வது நியாயமில்லை. குப்பை அகற்றும் பெரிய வேலையை ஜூனுக்குத் தள்ளுங்கள். சோலை மரக்கன்றுகளை மழைக்காலத்தில் நடுங்கள். வன நிலம் என்றால் வனத்துறை அனுமதி கட்டாயம். 2013 முதல் இங்கே வன உயிரினச் சரணாலயம் இருக்கிறது.

நீண்ட திட்டமும் ஒன்று வேண்டும். 2018-இல் பூத்த குறிஞ்சி 2030-இல் மறுபடி பூக்கும். அதைப் பார்க்க வரும் கூட்டத்துக்கான வாகன நிறுத்தம், கழிப்பறை பற்றி இப்போதே கிராம சபையில் மனு கொடுங்கள். ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 உள்ளிட்ட நாட்களில் சபை கூடும்.

தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975-இன்படி ஏழு பேர் சேர்ந்தால் பதிவு செய்யலாம். வரவு செலவை மாதந்தோறும் கூட்டத்தில் உரக்கப் படியுங்கள்.