கைப்பேசியில் முதலுதவிக் கையேடு: பதிவிறக்கும் முன் பார்க்க வேண்டியவை

வாலிகண்டபுரத்திலிருந்தும் சுற்றுப்புற ஊர்களிலிருந்தும் வருவோரின் குடும்பத்தினர் அண்மைக் காலமாக எங்களிடம் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. கைப்பேசியில் இலவசமாகக் கிடைக்கும் முதலுதவிச் செயலிகளை நம்பலாமா என்பதே அது. நம்பலாம். ஆனால் அச்செயலி எந்த நாட்டு மக்களுக்காக எழுதப்பட்டது என்பதைப் பார்த்த பின்னரே நம்ப வேண்டும்.

அமெரிக்கச் செஞ்சிலுவைச் சங்கத்தின் முதலுதவிச் செயலி தரமானது, விளக்கங்களும் தெளிவானவை. எனினும் அது அழைக்கச் சொல்லும் 911 அந்நாட்டின் அவசர எண். பிரிட்டன் செயலிகள் 999 என்றும், ஆஸ்திரேலியச் செயலிகள் 000 என்றும் கூறும். நாம் அழைக்க வேண்டியது 108. காவல், தீயணைப்பு, மருத்துவம் அனைத்துக்கும் பொதுவான எண் 112.

எண்ணைவிடப் பெரிய வேறுபாடு பாம்புக்கடியில் உள்ளது. ஆஸ்திரேலியச் செயலிகள் கடிபட்ட கை கால் முழுவதையும் அழுத்தமாகக் கட்டுத்துணியால் சுற்றச் சொல்லும். அந்நாட்டுப் பாம்புகளுக்கு அது பொருந்தும். நம் மக்காச்சோளக் காட்டிலும் பருத்திக் காட்டிலும் கடிப்பது கண்ணாடி விரியனாகவோ சுருட்டை விரியனாகவோ இருக்கலாம். விரியன் நஞ்சு கடிபட்ட இடத்துத் தசையையே அழிக்கும். இறுகக் கட்டினால் அச்சேதம் மிகும். எனவே நம் நாட்டில் கயிறு கட்டுதல், கத்தியால் கீறுதல், வாயால் உறிஞ்சுதல் ஆகிய எதுவும் கூடாது. கடிபட்டவரை நடக்க விடாதீர்கள். எலும்பு முறிவுக்குச் செய்வது போல அவ்வுறுப்பை அசையாமல் குச்சி வைத்துத் தளர்வாகக் கட்டுங்கள். மோதிரம், வளையல், கொலுசு ஆகியவற்றைக் கழற்றிவிடுங்கள். வீக்கம் வந்த பிறகு அவை கழலா. கடித்த நேரத்தை நினைவில் வைத்து மருத்துவரிடம் கூறுங்கள்.

பாம்பை அடித்து எடுத்துவருவோரும் உளர். அது வேண்டியதில்லை. நல்ல பாம்பு, கட்டுவிரியன், மேற்கூறிய இரு விரியன்கள் ஆகிய நான்கின் நஞ்சுக்கும் ஒரே மருந்துதான் இங்கே செலுத்தப்படுகிறது. இரவில் தரையில் படுத்திருப்பவரைக் கட்டுவிரியன் கடித்தால் வலியோ வீக்கமோ இல்லாதிருக்கலாம்; சில மணி நேரம் கழித்து இமை சரியத் தொடங்கும். 'ஒன்றும் ஆகவில்லையே' என்று வீட்டில் காத்திருக்கும் அந்த நேரமே உயிரைப் பறிக்கிறது.

தீக்காயத்துக்கு எல்லா நாட்டுச் செயலிகளும் ஏறக்குறைய ஒன்றையே சொல்கின்றன: ஓடும் குளிர்ந்த நீரில் 20 நிமிடம். பழைய பதிப்புகளில் 10 என்றிருக்கும். பற்பசை, மை, மாவு பூசச் சொல்லும் செயலி இருந்தால் உடனே நீக்கிவிடுங்கள். பூச்சிமருந்து குடித்தவருக்கு உப்புக் கரைசல் கொடுத்து வாந்தி எடுக்க வைக்கச் சொல்வதும் அவ்வாறே தவறு. மருந்துப் புட்டியை மட்டும் மறவாமல் உடன் கொண்டுவாருங்கள்.

செயலியைப் பதிவிறக்கியதும் இணையத்தை அணைத்துவிட்டுத் திறந்து பாருங்கள். காட்டில் சிக்னல் இல்லாதபோது திறக்காத செயலியால் பயனில்லை. நடுவே விளம்பரம் குறுக்கிடுகிறதா, உங்கள் தொடர்பு எண்களைப் படிக்க அனுமதி கேட்கிறதா என்றும் கவனியுங்கள். முதலுதவி சொல்வதற்கு உங்கள் மாமன் மச்சான் எண்கள் எதற்கு? வெளியிட்டவர் செஞ்சிலுவைச் சங்கம் போன்ற அறியப்பட்ட அமைப்பா என்பதும் முக்கியம். ஆங்கிலச் செயலியாயின், அதை வாசிக்கத் தெரிந்த பிள்ளை பள்ளிக்குப் போயிருக்கும் நேரத்தில் வீட்டிலிருப்பவர் என்ன செய்வார் என்பதையும் எண்ணிப் பாருங்கள்.

நம் ஊர் திருச்சி–சென்னை நெடுஞ்சாலையை ஒட்டியிருப்பதால் விபத்தையும் குறிப்பிட வேண்டும். அடிபட்டவருக்கு உதவினால் வழக்கு வருமோ என்று பலர் ஒதுங்குகின்றனர். 2019இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஏ பிரிவு, நல்லெண்ணத்துடன் உதவியவருக்குப் பாதுகாப்பு அளிக்கிறது. தம் பெயரைச் சொல்லுமாறு அவரைக் கட்டாயப்படுத்த இயலாது. சிகிச்சைச் செலவைப் பற்றியும் தயங்க வேண்டாம். 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டத்தில், அரசு மருத்துவமனைகளிலும் பட்டியலிடப்பட்ட தனியார் மருத்துவமனைகளிலும் முதல் 48 மணி நேரச் சிகிச்சை கட்டணமின்றி வழங்கப்படுகிறது.

வீட்டில் பட்டன் கைப்பேசி மட்டுமே உள்ளவர்கள், 108 என்ற எண்ணையும், ஓட்டுநருக்கு வழி சொல்ல உதவும் கோயில் அல்லது பள்ளியின் பெயரையும் பெரிய எழுத்தில் எழுதிக் கதவுக்கு உட்புறம் ஒட்டிவையுங்கள்.