பழைய பிரௌனிங்குக்குப் புது மவுசு

கேள்வி: திருப்பதி பிரம்மோற்சவ பந்தோபஸ்தில் ஒரு அதிகாரியின் இடுப்பில் பழைய இரும்புப் பிஸ்டல் பார்த்தேன். அதே மாதிரியை வெளிநாட்டில் இப்போது புதிதாகச் செய்கிறார்களாமே? அப்படி என்ன கவர்ச்சி? நாம் வாங்க முடியுமா?
— ஒரு வாசகர், சித்தூர்

பதில்: நீங்கள் பார்த்தது, அநேகமாக, மேற்கு வங்கத்து இஷாப்பூர் தொழிற்சாலையின் 9 எம்.எம். ‘1ஏ’. அதன் மூல வடிவம் பிரௌனிங் ஹை-பவர். துப்பாக்கி வடிவமைப்பாளர் ஜான் பிரௌனிங் தொடங்கிய வேலையை, 1926-ல் அவர் இறந்தபின் பெல்ஜிய வடிவமைப்பாளர் சைவ் முடித்தார், 1935-ல் வெளிவந்தது. அதைத் தயாரித்துவந்த எஃப்.என். கம்பெனியே ஒரு கட்டத்தில் தயாரிப்பை நிறுத்திவிட, 2021-ல் அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டு கம்பெனி ‘எஸ்ஏ-35’ என்று களமிறங்கியது. துருக்கியின் கிர்சானும் செய்கிறது.

கவர்ச்சி பிடியில்தான். 13 தோட்டா கொள்ளும் மேகசின், ஆனாலும் கைப்பிடி ஒல்லி. கிட்டத்தட்ட 900 கிராம் இரும்பு, சுடும்போது உதைப்பைத் தானே வாங்கிக்கொள்ளும். பழசில் சுத்தியல் பின்னால் வரும்போது சிலருக்குக் கட்டைவிரல் இடுக்கைக் கடித்துவிடும். மேகசினைக் கழற்றினால் சுடாதபடி வைத்த பூட்டு, விசை இழுப்பையும் கெடுத்தது. ஸ்பிரிங்ஃபீல்டு இரண்டையும் சரிசெய்து, தோட்டாவையும் 15 ஆக்கியது. மற்றபடி, இடுப்பில் நாள் முழுக்கச் சுமக்க பிளாஸ்டிக் உடல் கொண்ட பிஸ்டல்தான் சுகம். ஹை-பவர் ஆசைக்கு வாங்குவது.

நமக்கு அந்த ஆசை வேண்டாம். 9 எம்.எம். பிஸ்டல் இங்கே தடை செய்யப்பட்ட ரகம். லைசென்ஸ் கிடைத்தாலும் பெரும்பாலும் .32 ரகத்தோடு சரி. மனு உங்கள் கலெக்டர் ஆபீசுக்கு.